இரண்டு பேர் திருத்திய தப்பு

என் நாத்தனாரின் மூச்சுக்கு நாற்பது நிமிஷம் பூட்டுப் போட்டவள் கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபம். நடுத்தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்து படுத்திருப்பேன். அவள் நல்லவள். ஒரு எண்ணைக்கூடத் தப்பாக எழுதாதவள். அதனால்தான் என் நெஞ்சு இன்னும் அடங்கவில்லை. 

எங்கள் கட்டடத்தில் அவளை ரீடிங்கம்மா என்றுதான் கூப்பிடுவோம். நகராட்சி மின் அலுவலகத்தில் மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை. இருபத்திரண்டு வருஷம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தாள். ஆள் குள்ளம். மீட்டர் பலகை மாடிப்படிக்கு அடியில், உயரத்தில் இருக்கும். அங்கே ஒரு உடைந்த பக்கெட்டைக் கவிழ்த்து வைத்திருப்பாள். அதன்மேல் ஏறி, கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, மீட்டருக்குள் சக்கரம் சுற்றுகிற வேகத்தைப் பார்த்தே எந்த வீட்டு ஃப்ரிட்ஜ் சாகப்போகிறது என்று சொல்வாள். இரண்டாம் நம்பர்காரன் ஊருக்குப் போயிருக்கிறேன் என்று கடன்காரர்களிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே படுத்திருந்ததையும் அவள்தான் கண்டுபிடித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள். நான் எல்லாரிடமும் சொன்னேன்.

நாங்கள் இருப்பது மேல்மாடியில், ஆறாம் நம்பர் வீடு. எழுத வேண்டியதெல்லாம் கீழேதான் இருக்கிறது. ஆனாலும் வேலை முடிந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வருவாள். ஒரு சொம்பு தண்ணீர், பத்து நிமிஷம் உட்கார நாற்காலி, என் நாத்தனாரின் வாயால் நாலு குத்து. இவ்வளவும் வாங்கிக்கொண்டுதான் போவாள்.

நாத்தனார் என் வீட்டுக்காரரின் தங்கை. கட்டினவன் விட்டுவிட்டுப் போனான். என் முப்பதாவது வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள், அப்புறம் போகவே இல்லை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் கண்ணைத் திறந்ததும் ஆரம்பிப்போம். ஜன்னலைத் திறப்பதா, சாத்துவதா என்பதிலிருந்து. அவள் "அண்ணி" என்று கூப்பிட்டால் கன்னத்தில் அறைந்தது மாதிரி இருக்கும். நாற்பது வருஷம் நூல் மில்லில் வேலை பார்த்து, பஞ்சுத் தூசியாலேயே நெஞ்சை அடைத்துக்கொண்டவள். இரண்டு வருஷமாக மூக்கில் குழாய். கட்டில் ஓரத்தில் ஆக்சிஜன் மெஷின். சுவரில் செருகி இருக்கும். இரவு பகல் ஓடும். அது நின்றால் அவள் நிற்பாள். அவ்வளவுதான் கணக்கு. கரண்ட் போனால் உதவட்டும் என்று ஒரு சின்ன சிலிண்டரும் உண்டு. அதன் சாவி இறுக்கம். அவள் விரலுக்கு அசையாது, நான்தான் திறந்துவிட வேண்டும்.

"என்ன கணக்கு, இந்தத் தடவை என் மூச்சு எத்தனை யூனிட்டு?" என்பாள் ரீடிங்கம்மாவைப் பார்த்ததும்.

"உங்க மூச்சு கம்மிதான். உங்க அண்ணி பேச்சுதான் யூனிட்டு இழுக்குது."

"அதுக்கும் ஒரு மீட்டரு வையேன். பலகை வெடிச்சிரும்."

இந்த மெஷின் வீட்டுக்கு வந்த மாதமே ரீடிங்கம்மா ஒரு காரியம் செய்தாள். அலுவலகத்தில் சொல்லி, எங்கள் வீட்டுப் பேருக்கு எதிரில் சிவப்புக் குறி போட வைத்தாள். "மூச்சு மெஷின் இருக்கிற வீடு அக்கா. இனிமே ஆபீசரே நினைச்சாலும் உங்க கரண்ட்ல கை வைக்க முடியாது" என்றாள். அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் ஒன்றும் பேசவில்லை. எனக்குப் பேச்சு வராதது அபூர்வம்.

இனி அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது புரிந்தால்தான் மற்றது புரியும்.

கட்டடம் கட்டினபோது வயர் இழுத்தவன் யாரோ, கடைசி இரண்டு வீட்டுக்கு வயரை மாற்றிக் கொடுத்துவிட்டான். பலகையில் சிவப்பு பெயிண்டில் ஐந்து என்று எழுதியிருக்கும் இடத்திலிருந்து எங்கள் ஆறாம் நம்பருக்குக் கரண்ட் வரும். ஆறு என்று எழுதியிருக்கும் இடத்திலிருந்து எதிர்வீட்டு ஐந்தாம் நம்பருக்குப் போகும். இது மின் அலுவலகத்தில் பழைய ஆட்கள் ஒன்றிரண்டு பேருக்குத்தான் தெரியும். ரீடிங்கம்மா வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுக்கு முந்தி இருந்தவர் சொல்லிக் கொடுத்துவிட்டார். பெயிண்டில் ஐந்து என்றால் நோட்டில் ஆறு. பெயிண்டில் ஆறு என்றால் நோட்டில் ஐந்து. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் மாற்றி எழுதியதில்லை.

"ஒரு டப்பா பெயிண்டு வாங்கி அழிச்சு எழுதினா என்ன கேடு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பலகையில கை வச்சா ஆபீஸ்ல மனு குடுக்கணும், ஆள் வந்து பார்க்கணும், அவரு கையெழுத்து, இவரு கையெழுத்து. எதுக்கு அக்கா? தலையில இருக்கு. போதும்."

இந்த மாதிரி அவள் தலையில் பதினொரு ஜோடி வீடுகள் இருந்தன. எங்கள் தெருவில் மட்டும் இரண்டு.

அப்புறம்தான் ஸ்மார்ட் மீட்டர் வந்தது. எனக்கு அதன்மேல் ஒரு கோபமும் கிடையாது. ஆள் வந்து எழுத வேண்டாமாம், அலுவலகத்தில் இருந்தபடியே எல்லாம் தெரியுமாம். காலி வீட்டுக்குக் கரண்டை நிறுத்துவதென்றால் அங்கிருந்தே ஒரு தட்டுத் தட்டி நிறுத்துவார்களாம். முழங்கால் தேய்ந்த ரீடிங்கம்மாவுக்கு அலுவலகத்தில் நாற்காலி, மேசை, தலைக்கு மேல் ஃபேன். அவளுக்கும் சந்தோஷம்தான். வீட்டில்தான் வினை வந்தது.

அவள் வீட்டுக்காரரும் அதே அலுவலகத்தில் பிட்டர். மீட்டர் மாட்டுகிற, கழற்றுகிற வேலை. ஸ்மார்ட் மீட்டர் மாட்டப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுத்ததில் அவரும் ஒருவர். புதுச் சட்டை கொடுத்தார்களாம். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவர், "இருபத்திரண்டு வருஷமா நீ பார்த்த வேலையை இனிமே ஒரு டப்பா பார்க்கும்" என்று சொல்லிவிட்டார். விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். ஆண்பிள்ளைக்கு எந்த விளையாட்டு எங்கே குத்தும் என்று எப்போது தெரிந்திருக்கிறது?

கடைசியாக ரீடிங் எடுக்க வந்த அன்று அவளே சொன்னாள்.

"ஒரு மாசமாப் பேச்சு இல்ல அக்கா."

"ஒரே வீட்ல எப்படிடி?"

"ஏதாவது சொல்லணும்னா ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சொல்லுவேன். கேஸ் தீர்ந்துபோச்சுன்னு."

"அவரு?"

"அவரும் ஃப்ரிட்ஜைப் பார்த்துத்தான், நாளைக்கு வரும்பாரு."

"உங்க வீட்டுல அந்த ஃப்ரிட்ஜுதான் பெரிய மனுஷன் போல" என்றாள் என் நாத்தனார். மூன்று பேரும் சிரித்தோம். நாத்தனாருக்குச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் கொடுத்து அடக்க வேண்டியதாயிற்று.

அடுத்த மாதம் மீட்டர் மாற்ற வந்தவர் அந்தப் பிட்டரேதான். உயரமான ஆள். பேச்சு குறைவு. பத்து நிமிஷம் கரண்ட் நிறுத்த வேண்டும் என்று சொல்ல மேலே வந்தவர், மெஷினைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தானே சிலிண்டரைத் திறந்து, குழாயை மாற்றி, நாத்தனார் இரண்டு மூச்சு இழுக்கும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கீழே போனார். ஏழே நிமிஷத்தில் வேலையை முடித்தார். மறுபடி மேலே வந்து மெஷின் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்டார். போகும்போது வாசலில் தயங்கினார்.

"அவ இங்க வருவாளா பெரியம்மா?"

"வருவா."

"நல்லாருக்காளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்ப்பா, ஒரே வீட்ல இருந்துகிட்டு என்னைக் கேக்குறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

தலையைச் சொறிந்துகொண்டே படி இறங்கிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் மூன்று மாதம் ரீடிங்கம்மாவும் வரவில்லை, வேறு ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுக்காரர்கள் வேறு ஊருக்கு மாற்றலாகி, வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். ஆள் இல்லாத வீடு, கரண்டை நிறுத்திவிடுங்கள் என்று வீட்டுச் சொந்தக்காரர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

அன்றைக்குக் காலை பத்தரைக்கு நான் மருந்து வாங்கக் கிளம்பினேன். சிலிண்டரில் முள் கால்வாசிக்கும் கீழே கிடந்தது. நிரப்பி வாங்கி வைக்கச் சொல்லி மூன்று நாளாக அவள் கத்திக்கொண்டிருந்தாள். நான்தான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிவிட்டேன். இதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

"மெதுவா வாங்க அண்ணி. நீங்க இல்லாத நேரம்தான் வீடு வீடா இருக்கு" என்றாள்.

"கதவைப் பூட்டிக்கிட்டுப் போறேன். எவனோடயும் ஓடிப் போயிராதே" என்றேன்.

மருந்துக்கடையில் கூட்டம். திரும்பும்போது பதினொன்றரை. முதல் மாடி திரும்பும்போதே கேட்டது, விட்டு விட்டுக் கத்துகிற சத்தம். கரண்ட் போனால் மெஷின் கத்தும் சத்தம் அது. ஆனால் மாடிப்படி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேலே வந்தால், பூட்டிக் கிடக்கிற எதிர்வீட்டு வாசலில் பட்டப்பகலில் பல்பு எரிகிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாவி பூட்டில் நுழைய மாட்டேன் என்கிறது. 

உள்ளே ஃபேன் நின்றிருந்தது. கட்டிலில் பாதி, தரையில் பாதியாகக் கிடந்தாள். கை சிலிண்டர் பக்கம் நீண்டிருந்தது. சாவியில் அவள் முந்தானையைச் சுற்றியிருந்தாள், திருகிப் பார்த்திருக்கிறாள். உதடு நாவல்பழ நிறம். நகமும் அதே நிறம். என் அறுபத்தெட்டு வயதில் எத்தனையோ சாவு பார்த்திருக்கிறேன். நான் பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் எனக்கே புதிது.

சிலிண்டரைத் திறந்தேன். குழாயை மூக்கில் வைத்தேன். நெஞ்சு கொஞ்சம் ஏறியது. முள்ளைப் பார்த்தேன். இருபது நிமிஷம் தாங்கினால் அதிகம்.

கட்டடத்தில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கீழே ஒன்றாம் நம்பரில் இரவு வேலை பார்த்துவிட்டுத் தூங்குகிறவன் மட்டும் இருப்பான். ஜன்னல் வழியாகக் கத்தினேன். ஓடி வந்தான். வயர் கேட்டால் மேசை விளக்குக்குச் செருகுகிற ஒரு முழ வயரைக் கொண்டுவந்து நீட்டுகிறான். அவன் வீடு கீழே, நாங்கள் மேலே. அவனைத் திட்டக்கூட எனக்கு நேரமில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று சொல்லிவிட்டு, மின் அலுவலகத்துக்கு போன் போட்டேன். எடுத்தது அவள்.

"அக்கா, நான்தான். குரல் ஏன் இப்படி இருக்கு?"

"கரண்ட் இல்லடி! அவ போயிருவா போல இருக்குடி!"

"இருங்க, பதறாதீங்க, பார்க்கிறேன்... அக்கா, உங்க வீட்டுக்குக் கரண்ட் போய்க்கிட்டுத்தானே இருக்கு. திரையில பச்சையாக் காட்டுது."

"உன் திரையில பச்சையா இருக்கட்டும். இங்க அவ உதடு நீலமா இருக்கு!"

"மெயின் சுவிட்சு..."

"எல்லாம் பார்த்தாச்சு. இங்க இருட்டு. ஆளில்லாத எதிர்வீட்ல பல்பு எரியுது. என்ன ஆபீஸ்டி நடத்துறீங்க?"

  அவள் குரல் இறங்கிப்போனது.

"எந்த வீட்ல எரியுது?"

"அஞ்சாம் நம்பர்லடி!"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது. "அய்யோ... அக்கா, பத்து அம்பதுக்கு அஞ்சாம் நம்பரை நிறுத்தினேன். நான்தான். என் கையாலதான்."

எனக்கு அப்போதும் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. "போடுடி" என்று மட்டும் கத்தினேன்.

"இங்கேருந்து திறந்துவிடுறேன். ஆனா கீழ மீட்டர்ல ஒரு பொத்தான் இருக்கு, அதை ஆள் அழுத்தினாத்தான் வரும். ஓடுங்க. சிவப்புப் பெயிண்டுல அஞ்சுன்னு போட்டிருக்கே, அதுக்குக் கீழ இருக்கிற மீட்டரு."

அவளுக்குப் பின்னால் ஒரு ஆண் குரல், "நிறுத்தினதைத் திரும்பக் குடுக்கணும்னா என் அனுமதி வேணும்மா, மனு எங்க?" என்றது.

"நகருங்க சார்" என்றாள். அவ்வளவுதான் கேட்டது.

நாத்தனாரை ஒன்றாம் நம்பர்காரன் பக்கத்தில் விட்டுவிட்டு, அந்த இரண்டு மாடியை என் முழங்காலோடு எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. உடைந்த பக்கெட்டு அங்கேயே கிடந்தது. ஏறினேன். எனக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். ஐந்துக்குக் கீழே இருந்த பொத்தானை அழுத்தினேன். டக் என்று ஒரு சத்தம். மேலே மெஷின் கத்துவதை நிறுத்தியது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் அவள் கண் திறக்கவில்லை. "மூச்சு நிலைச்சிருச்சு. மூளைக்கு எவ்வளவு பட்டிருக்குன்னு கண் முழிச்சாதான் தெரியும்" என்றார் டாக்டர். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சண்டைக்கு ஆள் இல்லாமல், என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் பிட்டர் வந்தார். புதுச் சட்டை இல்லை, ஏதோ பழைய பனியன். கட்டிலைப் பார்த்தார். சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் பெரியம்மா. நான்தான் பண்ணினேன்."

"என்னப்பா பண்ணின?"

"அந்தப் பலகையில அஞ்சும் ஆறும் மாறியிருக்குன்னு எனக்குத் தெரியும். மாட்டும்போது பெயிண்டைப் பார்க்காம, சரியாத்தான் கையில வச்சிருந்த மெஷின்ல அடிச்சேன். அஞ்சுன்னு எழுதின இடத்து மீட்டருக்கு ஆறாம் நம்பர் வீடுன்னு. அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். எங்கயோ கை தப்பியிருக்கு. ஒரு நாளைக்கு முப்பது மீட்டரு. எப்படித் தப்புச்சுன்னே தெரியல. மூணு நாளா யோசிக்கிறேன்."

அழுகிற ஆணைப் பார்த்தால் எனக்குப் பொதுவாக எரிச்சல்தான் வரும். அன்றைக்கு வரவில்லை. அப்போதுதான் வாசலில் அவள் நின்றாள், ரீடிங்கம்மா. மூன்று நாளில் முகம் பாதியாகியிருந்தது. அவர் இருப்பதை அவள் எதிர்பார்க்கவில்லை. அவரைத் தாண்டி என்னிடம் வந்தாள்.

"அக்கா, அந்த மனுஷன் சொல்றதைக் கேக்காதீங்க. மாத்தினது நான்."

அவர் நிமிர்ந்தார். ஐந்து மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அவளைப் பார்த்து, ஃப்ரிட்ஜைப் பார்க்காமல், பேசினார். "நீ எங்க மாத்தின?"

"எனக்கு லிஸ்ட் வந்துச்சு. மீட்டர் நம்பரு, வீட்டு நம்பரு. எந்தப் பிட்டரு மாட்டினதுன்னு அதுல இல்ல. எவன் மாட்டினாலும் பெயிண்டைப் பார்த்துத்தான் அடிச்சிருப்பான், எனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சேன். அதான் அஞ்சை ஆறாக்கி, ஆறை அஞ்சாக்கி..."

"நான்தான் சரியா அடிச்சிருந்தேனே!"

"அது நீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? எந்தத் தெருவுக்குப் போறேன்னு என்கிட்ட சொன்னீங்களா?"

"நீ கேட்டியா?"

"நீங்க சொல்ற மாதிரி இருந்தீங்களா?"

நர்ஸ் எட்டிப் பார்த்து உஸ் என்றாள். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.  யாரும் தப்புச் செய்யவில்லை. ஒருத்தன் திருத்தினான். அவன் திருத்தியது தெரியாமல் இன்னொருத்தி மறுபடி திருத்தினாள். திருத்தின தப்பு பழையபடி தப்பாகவே போய் உட்கார்ந்துகொண்டது. அவள் போட்ட சிவப்புக் குறி மூன்று மாதமாக எதிர்வீட்டு மீட்டரைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. ஒரே வீட்டில், ஒரே பானையில் பொங்கித் தின்றவர்கள். "இன்னிக்கு எந்தத் தெரு?" என்று ஒருவர், "இந்தத் தெரு" என்று ஒருவர். இரண்டு வார்த்தை. அது இல்லாமல் என் வீட்டில் ஒருத்தி கண் திறக்காமல் கிடக்கிறாள்.

"ரெண்டு பேருக்கும் வாய்னு ஒண்ணு எதுக்குடா இருக்கு?" என்றேன். 

 ரீடிங்கம்மாவின் முகம் திடீரென்று வேறு மாதிரி ஆனது. அவர் பக்கம் திரும்பினாள்.

"மத்தது?"

"எது?"

"பதினொரு ஜோடி இருக்கு. எல்லாத்தையும் நான் மாத்தி வச்சிருக்கேன். அதுல எத்தனை நீங்க மாட்டினது?"

அவர் எழுந்துவிட்டார். விரல் விட்டு எண்ணினார். "தண்ணி டேங்க் சந்து. அப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி... அங்க கைக்குழந்தைக்காரி ஒருத்தி."

இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளாமல் ஓடினார்கள். படியில் அவர்கள் குரல் கேட்டுக்கொண்டே போனது. அவள் வீட்டு எண் சொல்ல, அவர் திருப்பிச் சொல்ல, அவள் "இல்ல, அது இடது பக்கம்" என்று கத்த. இன்னும் மூன்று ஜோடி அப்படி மாறிக் கிடந்ததாம். அன்று சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு வாசலிலும் நின்று, விளக்கைப் போட்டு அணைத்துப் பார்த்து, சரி செய்துவிட்டார்கள்.

அப்புறம் ஆபீசர் ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்தார். அதில் தப்புச் செய்தவர் பெயர் எழுத ஒரே ஒரு கட்டம்தான் இருந்ததாம். புருஷன் தன் பெயரைப் போடச் சொல்கிறான், பெண்டாட்டி தன் பெயரைப் போடச் சொல்கிறாள். "நீங்க யார் மேல புகார் தர்றீங்கம்மா?" என்றார்.

"அந்தப் பலகையில ஒரு டப்பா பெயிண்டு அடிக்காம விட்ட எல்லார் மேலயும் எழுதிக்குங்க. சிலிண்டரை நிரப்பாதது நான், என்னையும் சேர்த்துக்குங்க."

"அவ்வளவு பேருக்கு இடமில்லம்மா."

"அப்ப பெரிய காகிதமாக் கொண்டாங்க" என்று அனுப்பிவிட்டேன். கடைசியில் அவளுக்கு மூன்று மாதம் சஸ்பெண்ட், அவருக்கு ஒரு மாதம். அவள் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

என் நாத்தனார் நான்காம் நாள் கண் திறந்தாள். பதினொன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். நடக்கிறாள், சாப்பிடுகிறாள், மெஷின் ஓடுகிறது. கட்டடத்தில் எல்லாரும் பிழைத்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டார்கள். நானும்தான், முதல் நாள் மட்டும்.

மறுநாள் காலையில் ஜன்னலைச் சாத்தினேன். ஒன்றும் சொல்லவில்லை. திறந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. "குளிருதா?" என்று கேட்டேன். "உங்க இஷ்டம் அண்ணி" என்றாள். அந்த "அண்ணி" கன்னத்தில் அறையவில்லை. பால் மாதிரி இருந்தது.  அவள் அண்ணன் எங்கே, இன்னும் வேலையிலிருந்து வரவில்லையா என்று சாயங்காலம் கேட்டாள். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. "வருவாரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். வேண்டுமென்றே கஞ்சியில் உப்பை அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். முழுவதும் குடித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்றாள். முப்பத்தெட்டு வருஷத்தில் என் சமையலை அவள் நன்றாயிருக்கிறது என்று சொன்னதே கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை பிட்டரும் ரீடிங்கம்மாவும் வந்தார்கள். அவள் வந்ததுமே கண்ணைக் கசக்க ஆரம்பித்தாள்.

"அழறதா இருந்தா உன் வீட்ல போய் அழு. இங்க வந்தா அவகிட்ட வம்பு பண்ணு. அது ஒண்ணுதான் மருந்து" என்றேன்.

அவளும் மூக்கைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "என்ன, உங்க அண்ணி வாய் கொஞ்சம் குறைஞ்சிருக்கா?" என்று கேட்டாள். நாத்தனார் புன்னகை செய்தாள். அவர் ஒன்று சொல்ல, அப்படிப் பேசுவதா என்று இவள் அதட்ட, அவர் திருப்பிக் கேட்க, இரண்டு பேருக்கும் நிஜமாகவே சண்டை வந்துவிட்டது. நாத்தனார் இவரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"யாரு அண்ணி இவங்க?"

 ரீடிங்கம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம்.

"கரண்ட் ஆபீஸ்காரங்கடி" என்றேன்.

அவள் நிமிர்ந்து மேலே பார்த்தாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"கரண்ட்தான் இருக்கே. அப்புறம் எதுக்கு வந்தாங்க?"

தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் கண்ணையே உற்றுப் பார்த்தேன். பிட்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெண்டாட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாத்தனார் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தாள்.